ஆரம்பக் கூட்டத்துக்கு மாத்திரையும் வரட்டும்
(தம்பலகாமத்தில் கமக்காரர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

கமக்காரர் அமைப்பின் தலைவர் அவர்களே, வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, கமநல சேவை நிலைய உத்தியோகத்தர்களே, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐயா அவர்களே, ஆலய பரிபாலன சபையாரே, பள்ளிவாசல் நிர்வாகத்தினரே, வட்டவிதானைமாரே, வெயிலில் நிற்கும் தம்பிமாரே, அக்காமாரே, வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன கூட்டத்தில் விடுபட்டவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

உடம்பு, மனம், கடன் என்று மூன்றையும் பேசச் சொல்லித் தலைவர் துண்டு தந்திருக்கிறார். சரி, உடம்பில் தொடங்குகிறேன்.

'உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்பார்கள். காசுக் கணக்கை விட்டது போதாதென்று உடம்புக் கணக்கையும் விட்டுவிட்டோம்.

எனக்கு மாமா முறையான ஒருவர், கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர். லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினின் சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், விடியுமுன் கிண்ணியாவுக்குப் போய் கராஜ்காரரை எழுப்புவார். ஒரு பெரும்போகத்தில் அவருக்கே காய்ச்சல். கண் சிவப்பு, கெண்டைக்காலில் கை வைக்க முடியாத நோவு. "வரம்பு கட்டின அலுப்பு" என்று மல்லித்தண்ணி குடித்தார், பனடோல் போட்டார். மாமி ஓட்டோ கொண்டுவந்து வாசலில் நிறுத்தினா. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போனார். சிறுநீர் குறைந்து வார்ட்டில் கிடந்தபோது டொக்டர், "ஏன் ஐயா முந்தியே வரவில்லை?" என்று கேட்க, மாமா சொன்னார்: "அன்றைக்கு என்னுடைய தண்ணி முறை, டொக்டர். விட்டால் பக்கத்து வயல்காரன் திருப்பிவிடுவான்!" சிரிக்கிறீர்கள். அந்தப் பக்கத்து வயல்காரரும் இங்கேதான் இருக்கிறார், அவர்தான் கூடச் சிரிக்கிறார்.

அது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த வயல்தண்ணீரில் இருக்கும் கிருமி காலிலுள்ள சின்ன வெடிப்பு வழியாகவும் புகுந்து சிறுநீரகத்தைத் தாக்கும். முன்கூட்டியே வாரம் ஒருமுறை எடுக்க டொக்சிசைக்ளின் மாத்திரை உண்டு. யாருக்குச் சரிவரும் என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்வார்கள். ஆனால் விதைப்பு நேரத்தில் பணிமனைக்குப் போக யாருக்கு நேரம்? உழுகிறவன் கணக்குத்தான்!

ஒவ்வொரு போகத்துக்கும் ஆரம்பக் கூட்டம் வைக்கிறோம். குளத்தில் எத்தனை அடி தண்ணீர், எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் தேதியில் தண்ணீர் திறப்பது, மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது, எல்லாம் அங்கேதான் முடிவாகிறது. அதே மண்டபத்தில் ஒரு மேசை போட்டு மாத்திரை கொடுங்கள், பிரஷரும் சீனியும் பாருங்கள் என்கிறேன். கமக்காரர் எல்லாரும் ஓரிடத்தில் கூடுகிற நாள் வேறு ஏது? கச்சான் காற்றுக்கு எதிரே நின்று, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு மருந்தடிப்பவர்களுக்கும் அங்கேயே இரண்டு வார்த்தை சொல்லலாம்.

மனம் பற்றி: நித்திரை வராமல் யோசனை பிடித்தால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள், தமிழிலும் பேசலாம். கடனைப் பற்றிப் பேசத் தலைவர் விடமாட்டார், மணியைக் காட்டுகிறார்.

ஆரம்பக் கூட்டத்தில் அந்த மாத்திரை மேசையைக் கேட்டுப் பிரதேச செயலாளர் அவர்களுக்குக் கொடுக்கும் மகஜர் வாசலில் இருக்கிறது. தேநீருக்கு முன் கையெழுத்து வையுங்கள், வடை எண்ணெய் தாளில் பட்டுவிடும்.