சேற்றில் நின்று பாட்டுக் கேட்பவர்களுக்கு

பெங்களூரு நேயர்களுக்கு வணக்கம். ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊரில் திறந்த மைதானக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு மாம்பழ மழை பழக்கமானதுதான். மூன்று மணிக்குச் சுள்ளென்று வெயில், ஐந்து மணிக்கு இடி, ஆறு மணிக்குக் கணுக்கால் வரை செம்மண். நம் பிள்ளைகளில் சிலர் வேலைக்கு இங்கிலாந்து போய், ஜூன் கடைசியில் கிளாஸ்டன்பரி இசை விழாவுக்கும் கிளம்புகிறார்கள். இரண்டு வகைக்காரர்களுக்கும் இந்த உரை பயன்படும்.

கிளாஸ்டன்பரி விழா நடப்பது பில்டன் என்ற சிற்றூரின் பால் பண்ணை ஒன்றில். 1970-ல் தொடங்கியபோது நுழைவுக் கட்டணம் 1 பவுண்டு, பண்ணைப் பால் இலவசம். இன்று சுமார் 2 லட்சம் பேர் கூடுகிறார்கள். 1997, 1998, 2005, 2007, 2016 எல்லாம் அங்கே பேர்போன சேற்று வருடங்கள். மழை மட்டும் பெய்தால் புல்வெளி ஓரளவு தாங்கிவிடும். ஈரக் களிமண்ணைக் குயவர் மிதிப்பதுபோல் லட்சக்கணக்கான கால்கள் மிதிப்பதால்தான் புல் செத்து, மண்ணுக்குள் இருக்கும் காற்றிடைவெளி அடைபட்டு, தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் போகிறது. அதனால்தான் 2006, 2012, 2018-ல் விழாவே நடத்தாமல் நிலத்துக்கு ஓய்வு கொடுத்தார்கள்.

மேடைக்கு முன்னால் நிற்பவருக்கு ஒரு சேறு, கூடாரத்தில் படுப்பவருக்கு வேறு சேறு. நிற்பவருக்குத் தொந்தரவு கூழாக இருக்கும்போது அதிகமில்லை. மழை விட்டு மண் பாதி காயும்போதுதான். அப்போது அது பசைபோல் பிடிக்கும். காலை நேராக மேலே இழுத்தால் அடியில் காற்றுப் புக வழியில்லாமல் செருப்பு அங்கேயே நின்றுவிடும். முதலில் குதிகாலை மெல்ல ஆட்டித் தளர்த்தி, பிறகு பாதத்தைச் சாய்த்து எடுக்க வேண்டும். ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். ஹார்டுவேர் கடையில் கட்டட வேலைக்கு விற்கும் கம்பூட் போதும். தடித்த சாக்ஸுக்கு இடம்விட்டு ஒரு அளவு பெரிதாக எடுங்கள். சாக்ஸ் பூட்ஸின் விளிம்பைத் தாண்டி உயர்ந்திருக்கட்டும், இல்லையென்றால் ரப்பர் உரசிக் கெண்டைக்கால் புண்ணாகும். ஜீன்ஸ் போடாதீர்கள். நனைந்த ஓரத்திலிருந்து ஈரம் மேலே மேலே ஏறிக்கொண்டே இருக்கும்.

கால் நாள்கணக்கில் ஈரத்தில் ஊறினால் தோல் வெளுத்துச் சுருங்கி மரத்துவிடும், பிறகு வலியும் கொப்புளமும் வரும். முதல் உலகப் போரில் பதுங்கு குழிச் சிப்பாய்களைப் படுத்திய அதே நோய். இரவில் காலைக் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, தூங்குவதற்கென்றே வைத்த உலர்ந்த சாக்ஸ் ஒரு ஜோடியைப் போட வேண்டும். அந்த ஜோடியைப் பகலில் தொடவே கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கூடாரக்காரர்கள் பள்ளத்தைத் தவிர்க்க வேண்டும். 2005-ல் புயல் மழையில் தாழ்வான பகுதிக் கூடாரங்கள் மூழ்கின. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை: கீழே விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் ஓரத்தைத் தாண்டி நீண்டிருந்தால், மேலே விழும் மழையைப் பிடித்து நேரே படுக்கைக்கு அடியில் கொண்டுவந்து விடும். உள்ளே மடித்துவிடுங்கள். நனைந்த மண்ணில், கூடாரக் கயிற்றைக் கட்டும் முளைகள் குட்டையாக இருந்தால் பிடுங்கிக்கொள்ளும். நீள முளைகளை, தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாயும்படி அடிக்க வேண்டும்.

சாப்பாட்டுக் கடைக்காரர் படும் பாடு தனி. வரிசை நிற்கும் இடம்தான் மைதானத்திலேயே ஆழமான குழியாகும். வைக்கோலை மழைக்கு முன்பே பரப்பினால் தாங்கும். சேறான பிறகு போட்டால் கலந்து நாறும். கேஸ் சிலிண்டரை வெறும் மண்ணில் வைக்காமல் பலகை மேல் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் புதைந்து சாயும். ஒலிபெருக்கிக்காரருக்குக் கவலை ஒயர் இணைப்புகள். தண்ணீரில் கிடந்தால் மின்கசிவை உணர்ந்து ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். பாட்டு நடுவில் சட்டென்று நின்றால் கத்தாமல் பொறுத்திருங்கள். அது விழுந்ததால்தான் ஓர் உயிர் தப்பியிருக்கலாம்.

இடி கேட்டால் மரத்தடியும் இரும்பு வேலியும் ஆகாது. காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள். குடையைவிட மழைக்கோட்டு மேல்: பின்னால் நிற்பவருக்கு மேடை தெரியும், கண்ணில் கம்பி குத்தாது.

வீடு திரும்பியதும் சேற்றுத் துணியை உடனே மெஷினில் போடாதீர்கள். மண் முழுக்கக் காயட்டும், பிரஷ்ஷால் தட்டி உதிருங்கள், பிறகு வாளித் தண்ணீரில் ஒருமுறை அலசி விட்டுப் போடுங்கள்.