ஒரு கோடி லிட்டர் என்ற மதில்: தாய்லாந்தின் சிறு பீர் ஆலைகள் உரிமம் பெற்ற கதை

வணக்கம் நண்பர்களே. பாங்காக்குக்குச் சற்று வடக்கே, நொந்தபுரி மாகாணத்தில், சாவ் பிரயா ஆற்றின் நடுவே இருக்கும் கோ கிரெட் தீவிலிருந்து இன்று உங்களோடு பேசுகிறேன். மோன் இன மக்கள் தலைமுறை தலைமுறையாக மண்பாண்டம் வனைந்து வரும் தீவு இது. இதே ஆற்றங்கரையில்தான் விசித் சாய்க்லாவ் என்பவர் வீட்டளவில் பீர் தயாரிக்கும் முறையை ஆர்வலர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். தாய்லாந்தில் கிராஃப்ட் பீர், அதாவது சிறு அளவில் கைத்திறனோடு செய்யும் பீர், தயாரிக்க இறங்கியவர்களில் பலர் இங்கே படித்துச் சென்றவர்கள். அவர்கள் கற்ற தொழிலைச் சட்டப்படி செய்வதற்கு எத்தனை தடைகளைக் கடக்க வேண்டியிருந்தது என்பதே இன்றைய பேச்சு.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் காணொளியில் எந்தப் பாட்டிலின் முகப்பையும் காட்டப்போவதில்லை. 2008-ஆம் ஆண்டு மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, மதுபானத்தின் பெயரையோ சின்னத்தையோ விளம்பரமாகக் காட்டுவதற்கு ஓராண்டு வரை சிறையும் 5 இலட்சம் பாட் வரை அபராதமும் வகுத்தது. பெரிய நிறுவனங்கள் அதே சின்னத்தைத் தண்ணீர் பாட்டிலிலும் சோடா பாட்டிலிலும் ஒட்டி நாடெங்கும் காட்டிக்கொள்ள முடிந்தது. தண்ணீரும் சோடாவும் தயாரிக்காத சிறு ஆலைக்காரருக்கு அந்த வழியும் இல்லை. உரிமத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உரிமத்துக்கு வருகிறேன். 2022 நவம்பர் வரை, தாய்லாந்தில் பீர் தயாரிக்க விரும்புபவருக்கு இரண்டே வழிகள் இருந்தன. பாட்டிலில் அடைத்து நாடு முழுவதும் விற்க வேண்டுமானால், ஆண்டுக்குக் குறைந்தது ஒரு கோடி லிட்டர் தயாரிக்கும் ஆலை வேண்டும். தயாரிக்கும் இடத்திலேயே விற்கும் ப்ரூபப் போதும் என்றால், ஆண்டுக்கு ஒரு இலட்சம் முதல் 10 இலட்சம் லிட்டர் வரை தயாரிக்க வேண்டும். இவை தவிர, ஒரு கோடி பாட் மூலதனத்தையும் காட்ட வேண்டும். பெங்களூரில் உணவகத்தோடு சேர்ந்து இயங்கும் சிறு பீர் ஆலைகளைப் பார்த்திருக்கும் நேயர்களுக்கு இரண்டாவது வழி எளிதாகத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் கடுமை தெரியும்.

ஆண்டுக்கு ஒரு இலட்சம் லிட்டர் என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 274 லிட்டர். 330 மில்லி கோப்பையில் ஊற்றினால் 830 கோப்பைகள். மழை பெய்தாலும், மது விற்பனைக்குத் தடையுள்ள பௌத்தப் புனித நாள் வந்தாலும், ஆண்டு முழுவதற்குமான சராசரியாக அத்தனையும் அந்த ஒரே கடையின் மேசைகளில் விற்றுத் தீர வேண்டும்; பக்கத்துத் தெருக் கடைக்கு ஒரு பீப்பாய் கொடுக்கவும் அனுமதி இல்லை. முதல் வழியோ இன்னும் மலைப்பானது. ஒரு கோடி லிட்டர் என்பது 330 மில்லி அளவில் மூன்று கோடிக்கும் அதிகமான பாட்டில்கள். புதிதாகத் தொழில் தொடங்கும் ஒருவர், தன் பீரை யாராவது விரும்பிக் குடிப்பார்களா என்று தெரிவதற்கு முன்பே மூன்று கோடி பாட்டில்களுக்கான இயந்திரங்களை நிறுவ வேண்டும் என்றால், உரிமம் என்ற பெயரில் அங்கே இருப்பது மதில்தான்.

அந்த மதிலுக்குள்ளே இருந்தவர்கள் யார் என்பதும் ஊரறிந்த செய்தி. 1933-இல் தொடங்கிய பூன் ராட் நிறுவனமும், 1995-இல் சாங் பீரைச் சந்தைக்குக் கொண்டுவந்த இன்றைய தாய்பெவ் குழுமமும் சேர்ந்து இந்நாட்டு பீர் சந்தையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் வைத்திருக்கின்றன. அவர்களுடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இத்தனை பெரிய அளவை நுழைவுத் தகுதியாக வைத்த விதி, மக்களின் உடல்நலத்தைக் காப்பதற்காக எழுதப்பட்டது என்று என்னால் ஏற்க முடியவில்லை. உடல்நலம்தான் நோக்கம் என்றால், குறைவாகத் தயாரிப்பவரைத் தடுத்துவிட்டு, ஒரு கோடி லிட்டருக்குக் குறையாமல் தயாரியுங்கள் என்று எந்தச் சட்டமாவது கட்டாயப்படுத்துமா?

எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. பீர் தயாரிப்பது சிறிய அளவில் கற்க வேண்டிய தொழில். 20 லிட்டர் பாத்திரத்தில் மால்ட் எனும் முளைகட்டி உலர்த்திய தானியத்தை ஊறவைத்து, வடித்த நீரை ஹாப்ஸ் எனும் கசப்புப் பூக்களோடு கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்து, ஓரிரு வாரங்கள் நொதிக்கவிட்டு, சுவைத்து, கெட்டுப்போனதைக் கொட்டிவிட்டு மறுபடியும் தொடங்கினால்தான் கை பழகும். தாய்லாந்துச் சட்டம் அந்தப் பழகும் பருவத்தையே குற்றமாக்கி வைத்திருந்தது. அனுமதியின்றித் தயாரிப்பதற்கு 1950-ஆம் ஆண்டின் மதுபானச் சட்டத்தில் 5,000 பாட்டாக இருந்த அபராத உச்சவரம்பு, 2017-ஆம் ஆண்டின் கலால் சட்டத்தில் ஒரு இலட்சம் பாட்டாக உயர்ந்தது. ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. இத்தனைக்கும், கிராமத்துச் சமூக மதுவுக்கு 2000-களின் தொடக்கத்திலிருந்தே சிறு உரிமம் இருந்தது. ஐந்து குதிரைத்திறனுக்கும் குறைவான இயந்திரமும் ஏழுக்கும் குறைவான ஆட்களும் கொண்டு அரிசி மது தயாரிக்கலாம். பீருக்கு மட்டும் அந்த வாசல் திறக்கவில்லை.

அதே 2017-இன் ஜனவரியில், வீட்டில் பீர் தயாரித்து விற்றதற்காகத் தாவ்பிபோப் லிம்ஜித்தகோன் என்ற இளைஞர் கைது செய்யப்பட்டார். அந்த வழக்கு அவரை அரசியலுக்குக் கொண்டுவந்தது. 2019 தேர்தலில் ஃபியூச்சர் ஃபார்வர்ட் கட்சியின் சார்பில் நாடாளுமன்ற உறுப்பினரான அவர், அக்கட்சி நீதிமன்றத்தால் கலைக்கப்பட்ட பிறகு மூவ் ஃபார்வர்ட் கட்சியிலிருந்து மது உற்பத்தியைத் தாராளமாக்கும் மசோதாவை முன்னெடுத்தார்.

இதற்கிடையே மற்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எல்லையைத் தாண்டினார்கள். கம்போடியாவின் கோ காங், வியட்நாம், தைவான், ஆஸ்திரேலியா எனக் கிடைத்த இடங்களில் உள்ள ஆலைகளில் தங்கள் செய்முறைப்படி பீர் தயாரித்து, அதை இறக்குமதிச் சரக்காகத் தாய்லாந்துக்குள் கொண்டுவந்தார்கள். செய்முறை தாய்லாந்தினுடையது, முதலாளி தாய்லாந்துக்காரர், குடிப்பவர் தாய்லாந்துக்காரர். வேலைவாய்ப்பு மட்டும் அயல்நாட்டுக்குப் போனது. ஒரு நாடு தன் பிள்ளைகளின் திறமையைத் தானே வெளியே அனுப்பிவிட்டு, திரும்பி வரும்போது சுங்கச்சாவடியில் நிறுத்தி வைப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

நாடாளுமன்றத்தில் நடந்ததைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். 2022 ஜூன் மாதத்தில் மசோதா முதல் வாசிப்பைக் கடந்தது. இறுதி வாக்கெடுப்பு நவம்பர் 2-ஆம் தேதி நடைபெறவிருந்தது. அதற்கு முந்தைய நாள், நவம்பர் 1-ஆம் தேதி, அமைச்சரவை அவசரமாக ஒரு புதிய விதிமுறைக்கு ஒப்புதல் அளித்து, அன்றே அரசிதழிலும் வெளியிட்டது. ஒரு கோடி பாட் மூலதனம், குறைந்தபட்ச உற்பத்தி அளவு ஆகிய இரண்டு நிபந்தனைகளும் அதில் நீங்கின. சொந்தக் குடிப்புக்காக ஆண்டுக்கு 200 லிட்டருக்கு மிகாமல், விற்பனை செய்யாமல், அனுமதி பெற்று வீட்டில் தயாரிக்கவும் வழி பிறந்தது. கேட்டதை அரசே கொடுத்துவிட்டதே, இனிச் சட்டம் எதற்கு என்ற வாதம் எழுந்தது. மறுநாள் மசோதா 194-க்கு 196 என்ற கணக்கில், இரண்டே வாக்குகளில் தோற்றது.

விதிமுறை தளர்ந்ததை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் நாடாளுமன்றம் இயற்றும் சட்டமும் அமைச்சகம் பிறப்பிக்கும் விதிமுறையும் ஒரே உறுதி கொண்டவை அல்ல. அமைச்சர் கையெழுத்தால் வந்ததை இன்னொரு அமைச்சரின் கையெழுத்து எடுத்துவிட முடியும். வங்கிக் கடன் வாங்கி, எஃகுத் தொட்டிகள் வரவழைத்து, பல ஆண்டுகள் கழித்து இலாபம் பார்க்கப்போகும் ஒருவருக்கு இந்த வேறுபாடு சிறியது அல்ல. மேலும், தொழிற்சாலை விதிகளும் சுற்றுச்சூழல் விதிகளும் அப்படியே இருக்கின்றன. கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டும் என்பதில் மறுப்பே கிடையாது. இந்த ஆற்றின் கரையில் நின்றுகொண்டு அதை மறுக்கவும் கூடாது. அந்தச் செலவு ஆலையின் அளவுக்கேற்ப இருக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

வரியையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் உரிமம் கிடைத்த பிறகு ஆலை நிலைப்பதும் நிலைக்காததும் இதில்தான் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு வரி முறைப்படி, பீருக்குச் சில்லறை விலையில் 22 விழுக்காடும், தூய ஆல்கஹால் லிட்டருக்கு 430 பாட்டும் கலால் வரி. ஐந்து விழுக்காடு ஆல்கஹால் கொண்ட 330 மில்லி பாட்டிலில் இரண்டாவது வரி ஏறத்தாழ 7 பாட். அது பெரியவருக்கும் சிறியவருக்கும் ஒன்றே. முதல் வரியோ விலையோடு ஏறுகிறது. பெரிய ஆலையின் பாட்டில் 40 பாட் என்று வைத்துக்கொண்டால் அதற்கு 8.80 பாட், குறைந்த அளவில் தயாரிப்பதாலேயே 120 பாட்டுக்கு விற்க வேண்டியிருக்கும் சிறு ஆலையின் பாட்டிலுக்கு 26.40 பாட். ஆல்கஹால் அளவு ஒன்றாக இருந்தும் விலையோடு ஏறும் இந்த வரி மட்டும் மூன்று மடங்கு. பிரிட்டன் 2002-இல் சிறு ஆலைகளுக்கு பீர் வரியைப் பாதியாகக் குறைத்தது. அதற்குப் பின் அங்கே ஊருக்கு ஊர் புதிய ஆலைகள் முளைத்தன. தாய்லாந்திலும் உற்பத்தி அளவுக்கேற்ற வரிப் படிநிலை வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்களில் யாரேனும் கர்நாடகத்திலோ வேறு எங்கோ சிறு ஆலை நடத்துபவராக இருந்தால், உங்கள் பாட்டிலில் வரி எவ்வளவு என்பதைக் கீழே எழுதுங்கள். அடுத்த காணொளியில் இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பேசுகிறேன். வணக்கம்.