வரப்புக்குள்ளேயே திறக்கும் மதகு: பாக்டீரியாவின் சவ்வில் புரதம் குடியேறும் விதம்

[காட்சி: திருவையாற்றுக்கு அருகே, சேடை ஓட்டி முடித்த வயல். வரப்போரத்தில் நாற்றுக்கட்டுகளின் வேர்கள் கலங்கிய கரைசலில் நனைந்துகொண்டிருக்கின்றன.]

சம்பா நடவுக்கு முன்னால் நாற்றின் வேரை அசோஸ்பைரில்லம் கலந்த நீரில் நனைத்து எடுப்பது காவிரிப் படுகை உழவர்களுக்குப் பழகிய வேலை. வேளாண் விரிவாக்க மையத்தில் வாங்கிவரும் அந்தப் பொட்டலத்தில் உயிருள்ள பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்பதும், அவை காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக மாற்ற வல்லவை என்பதும் பலரும் அறிந்தவையே. ஆனால் அந்த வேலைக்கான செலவு அதிகம். ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைத்து இரண்டு அம்மோனியா மூலக்கூறுகளாக்க, பாக்டீரியா தன் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறுகளில் குறைந்தது 16-ஐச் செலவிட வேண்டும். அந்த ஏ.டி.பி.யின் பெரும்பகுதியை உருவாக்கும் ஏ.டி.பி. சின்தேஸ் என்னும் சுழலும் இயந்திரம், பாக்டீரியாவின் செல் சவ்வில் புதைந்திருக்கிறது.

புதைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டோம். பாடநூல் படங்களும் சவ்வில் ஏற்கெனவே பதிந்துவிட்ட புரதங்களையே காட்டுகின்றன. அவை அங்கே எப்படி வந்து சேர்ந்தன என்பதுதான் இந்தக் காணொளியின் கேள்வி. என் பார்வையில், செல் உயிரியலில் இதைவிட அழகான கேள்விகள் குறைவு.

[காட்சி: சவ்வின் குறுக்குவெட்டு. இருபுறமும் நீர், நடுவே எண்ணெய்ப் பகுதி.]

சவ்வு என்பது இரண்டு அடுக்காக நிற்கும் கொழுப்பு மூலக்கூறுகளின் வரிசை. அதன் இரு முகங்களும் நீரை விரும்புபவை. நடுப்பகுதி எண்ணெயைப் போல நீரை வெறுப்பது. அந்த எண்ணெய்ப் பகுதியின் தடிமன் ஏறத்தாழ 3 நானோமீட்டர். புரதமோ சவ்வுக்கு உட்புறத்தில், நீர் நிறைந்த சைட்டோபிளாசத்தில், புரதத்தைக் கட்டும் ரைபோசோமிலிருந்து அமினோ அமிலங்களின் ஒரு சங்கிலியாக வெளிவருகிறது. சவ்வில் வாழ வேண்டிய புரதத்தின் சில பகுதிகள் நீரை வெறுக்கும் அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றை நீரில் விட்டுவைத்தால் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு பயனற்ற கட்டியாகிவிடும். அதே புரதத்தின் மற்றப் பகுதிகள் நீரை விரும்புபவை. அவற்றால் எண்ணெய்ப் பகுதியைத் தானாகக் கடக்க முடியாது. எ.கோலை என்னும் குடல் பாக்டீரியாவின் புரத வகைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சவ்வுப் புரதங்கள் என்பதால், இந்தச் சிக்கலை அந்தச் செல் ஓயாமல் தீர்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நாம் பார்க்கப்போகும் செய்திகளில் பெரும்பாலானவை எ.கோலையில் கண்டறியப்பட்டவை.

[காட்சி: ரைபோசோமின் வாயில் ஒரு சங்கிலி எட்டிப்பார்க்கிறது.]

புரதம் தான் போகவேண்டிய இடத்தின் முகவரியைத் தன் அமினோ அமில வரிசையிலேயே சுமந்து வருகிறது என்ற கருத்தைக் குந்தர் புளோபல் 1970-களில் முன்வைத்தார்; அதற்காக 1999-இல் நோபல் பரிசு பெற்றார். சவ்வுப் புரதத்தைப் பொறுத்தவரை, முதலில் வெளிவரும் நீர்வெறுக்கும் பகுதியே பெரும்பாலும் அந்த முகவரி. அது ரைபோசோமின் வாயிலிலிருந்து தலைகாட்டியதும் எஸ்.ஆர்.பி. என்னும் துகள் அதைப் பற்றிக்கொள்கிறது. எ.கோலையில் இந்தத் துகள் ஒரே ஒரு புரதமும், 114 எழுத்துகள் கொண்ட ஒரு சிறிய ஆர்.என்.ஏ.வும் சேர்ந்தது. சங்கிலி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும்போதே, அது ரைபோசோமையும் சேர்த்துச் சவ்வருகே அழைத்துச் செல்கிறது. அங்கே எப்.டி.எஸ்.ஒய். என்னும் ஏற்பி அதை எதிர்கொள்கிறது. இருவரும் தாங்கிய, ஏ.டி.பி.யைப் போல ஆற்றல் தரும் ஜி.டி.பி. மூலக்கூறுகள் உடைந்ததும் துகள் விலகிவிட, ரைபோசோம் தன் சங்கிலியோடு செக்-ஒய்.இ.ஜி. என்னும் வாயிலின் மேல் அமர்கிறது.

[காட்சி: வரப்பைக் குடைந்து செல்லும் ஒரு குழாய் மதகு. பிறகு அது மெல்ல வாயிலின் படமாக மாறுகிறது.]

இந்த வாயிலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தலைமடை முதல் கடைமடை வரை நம் ஊரில் உள்ள எந்த மதகும் செய்யும் வேலை ஒன்றுதான்: கரையின் ஒரு பக்கத்து நீரை மறுபக்கத்துக்கு விடுவது. செக்-ஒய்.இ.ஜி. வாயில் அதையும் செய்கிறது. செல்லுக்கு வெளியே போகவேண்டிய புரதங்களில் பெரும்பாலானவை அதன் வழியாகவே நேரே கடந்து செல்கின்றன. ஆனால் அதற்கு இன்னொரு திறப்பும் உண்டு. அந்தக் குழாய் தன் நெடுக்குவாக்கில் ஒரு பக்கம் பிளந்து, உள்ளே இருப்பதைக் கரையின் உடலுக்குள்ளேயே விட்டுவிடும். காவிரிப் படுகை முழுவதும் தேடினாலும் வரப்புக்குள்ளேயே திறக்கும் இப்படியொரு மதகு கிடைக்காது.

2004-இல் டாம் ராப்போபோர்ட்டின் குழுவினர் பாக்டீரியாவைப் போல ஒரே செல் கொண்ட, ஆனால் வேறு பிரிவைச் சேர்ந்த ஓர் ஆர்க்கியா உயிரியின் வாயிலைப் படிகமாக்கி அதன் வடிவத்தை வெளியிட்டபோது இந்த அமைப்பு கண்ணுக்குத் தெரிந்தது. மணற்கடிகாரம் போல இருபுறமும் அகன்று இடையில் ஒடுங்கிய துளை. அந்த இடுப்பைச் சுற்றி நீரை வெறுக்கும் அமினோ அமிலங்களின் வளையம். துளையை மூடிக்கொண்டு ஒரு சிறிய அடைப்பான். வாயில் புரதம் சவ்வைக் கடக்கும் பத்துச் சுருள்களில் இரண்டாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவே அந்தப் பக்கத் திறப்பு. வளையமும் அடைப்பானும் எதற்கு என்பதை வயலில் நின்றால் எளிதில் உணரலாம். நண்டு வளை போட்ட வரப்பில் தண்ணீர் நிற்காது. சவ்வின் இருபுறமும் புரோட்டான்களின் அளவு வேறுபடுவதால்தான் ஏ.டி.பி. உருவாகிறது, வாயில் கசிந்தால் அந்த வேறுபாடும் கரைந்துபோகும். ஆகவே சங்கிலி ஊர்ந்து செல்லும்போதும் அதைச் சுற்றி இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் ஓர் இடுப்பு தேவைப்படுகிறது.

பக்கத் திறப்பு வழியே எது வெளியேற வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? மதகென்றதும் மடை திறந்துவிடும் நீர்பாய்ச்சியை நினைக்கத் தோன்றும். இங்கே அப்படி ஒருவரும் இல்லை. துளைக்குள் இருக்கும் பகுதி, நீர்ச் சூழலுக்கும் பக்கத்தில் எட்டும் எண்ணெய்ச் சூழலுக்கும் இடையில் தனக்கு உகந்ததில் தங்கிவிடுகிறது. போதிய அளவு நீரை வெறுத்தால் சவ்வுக்குள் நழுவும். இல்லையென்றால் நேரே கடந்து போகும். அமினோ அமிலங்கள் சுருளாக அமையும்போது ஒவ்வொன்றும் 0.15 நானோமீட்டர் நீளத்தைச் சேர்க்கிறது. ஆகவே 3 நானோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ இருபது வேண்டும். சவ்வைக் கடக்கும் சுருள்களின் நீளம் பெரும்பாலும் இருபதை ஒட்டியே இருப்பதன் காரணம் இதுதான்.

[காட்சி: நேர்மின் குறிகள் தாங்கிய சங்கிலி இரு வழிகளில் மடிகிறது.]

அடுத்தது திசை. சுருளின் எந்த முனை உள்ளே, எந்த முனை வெளியே என்பது தவறினால், புரதம் சவ்வில் இருந்தும் வேலைக்கு உதவாது. நேர்மின் கொண்ட லைசினும் ஆர்ஜினினும் பெரும்பாலும் உட்புறத்திலேயே அமைகின்றன என்பதை சுவீடனின் குன்னார் வான் ஹெய்னே 1986-இல் எடுத்துக்காட்டினார். 1989-இல் அவரே ஒரு சவ்வுப் புரதத்தின் நேர்மின் அமினோ அமிலங்களை மாற்றியமைத்து, அந்தப் புரதத்தையே தலைகீழாக அமர வைத்தார். சவ்வின் உட்புறம் எதிர்மின் தன்மையுடையது என்பது இதற்கான காரணங்களில் ஒன்று.

சுருள்களை இணைக்கும் கண்ணிகளில் வெளிப்புறத்துக்குப் போகவேண்டிய நீளமானவை இருந்தால், செக்-ஏ என்னும் இயந்திரம் ஏ.டி.பி.யைச் செலவிட்டு அவற்றைத் தள்ளுகிறது. அசோஸ்பைரில்லம் போன்ற பாக்டீரியாக்களுக்கு வெளியே இன்னொரு சவ்வும் உண்டு. அங்கே பீப்பாய் வடிவப் புரதங்களைப் பொருத்துவது பாம் என்னும் வேறொரு கூட்டமைப்பு. அது தனிக் காணொளிக்குரியது.

[காட்சி: சுழலும் ஏ.டி.பி. சின்தேஸ். அதன் வளையத்தின் ஒரு துண்டு மட்டும் ஒளிர்கிறது.]

இப்போது நாம் தொடங்கிய இயந்திரத்துக்குத் திரும்புவோம். அதன் சுழலும் வளையம் எ.கோலையில் பத்து சிறிய புரதத் துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு துண்டும் இரண்டு சுருள்கள் மட்டுமே கொண்டது. இவ்வளவு சிறிய புரதத்துக்குப் பெரிய வாயில் தேவைப்படவில்லை. இதைச் சவ்வில் சேர்ப்பது யிட்-சி என்னும் வேறொரு புரதம். சவ்வுப் புரதங்கள் பொருந்த அது தேவை என்பது 2000-ஆம் ஆண்டில் தெரியவந்தது. அதன் வடிவத்தை 2014-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டபோது, அதில் சவ்வைத் துளைத்துச் செல்லும் வழி எதுவும் இல்லை. சைட்டோபிளாசத்தின் பக்கமும் எண்ணெயின் பக்கமும் திறந்த ஒரு பள்ளம் மட்டுமே இருந்தது. புதிய புரதத்தின் நீர்விரும்பும் பகுதி அந்தப் பள்ளத்தில் சற்றே தங்கிக் கடக்க, சுருள்கள் அதன் ஓரமாகச் சவ்வுக்குள் சறுக்கி இறங்குகின்றன.

[காட்சி: நட்ட நாற்று பச்சை பிடித்து நிற்கிறது. கேமரா ஓர் இலைக்குள் நுழைந்து பசுங்கணிகத்தை அடைகிறது.]

யிட்-சியின் உறவினர் நெற்பயிருக்குள்ளும் இருக்கிறார். பசுங்கணிகங்கள் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த சயனோபாக்டீரியாக்களின் வழிவந்தவை. அவற்றிலுள்ள ஆல்ப்-3 என்னும் புரதம், ஒளியைப் பிடிக்கும் பச்சையப் புரதங்களைப் பசுங்கணிகத்துக்குள் அடுக்கடுக்காக இருக்கும் தைலக்காய்டு சவ்வில் பொருத்துகிறது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடோப்சிஸ் செடியில் இந்த மரபணு பழுதுபட்டால், விதை முளைத்தாலும் இலை பச்சை பிடிக்காமல் வெளிறியே இருக்கும்.