இல்லாத ஆளை எப்படிப் படம் எடுப்பது?

(காட்சி: விடிகாலை. கல்லடிப் பழைய பாலம், இரும்புச் சட்டங்களுக்கு இடையால் மட்டக்களப்பு வாவி.)

வணக்கம் உறவுகளே. துக்கத்தைப் படம் எடுக்கச் சொன்னால் நம்மில் முக்கால்வாசிப் பேர் என்ன செய்வோம்? ஒருத்தரைக் கடற்கரையில உட்கார வைப்போம், தலையைக் குனியச் சொல்வோம், பிறகு கலரை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்குவோம். பார்க்கிறவருக்கு விளங்கும். ஆனால் நெஞ்சில தைக்காது. அது அழுகிற ஆளின் படம்தானே. அந்த அழுகைக்குக் காரணமான ஆள் படத்திலேயே இல்லை.

கமரா தனக்கு முன்னால் இருப்பதை மட்டும்தான் எடுக்கும். அதனால, போனவரைக் காட்ட வேண்டுமென்றால் அவர் விட்டுப்போன இடத்தைத்தான் எடுக்க வேண்டும்.

(காட்சி: வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள்.)

இதைப் பாருங்க. ஹேண்டிலில் ஒரு ஹெல்மட், பின் சீட்டில் இன்னொன்று. முதலாவது தினமும் போடுகிறது, உள்பக்கம் வியர்வையில் கறுத்துக் கிடக்கு. இரண்டாவதின் கண்ணாடியில் தூசி. அதன் வாரில் ஒரு நீட்டு முடி சிக்கியிருக்கு. போக்கஸ் அந்த முடியில். அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப் 2.8 என்று அகலமாக, மற்றதெல்லாம் மங்கல். முழு வண்டியும் துல்லியமாகத் தெரிந்திருந்தால் கண் அந்த முடியில் போய் நிற்காது. பிரிந்துபோன காதலைச் சொல்ல இதற்கு மேல் என்ன வேணும்?

ஜப்பானியப் படக் கலைஞர் மசாஹிசா ஃபுகாசே பல வருடம் மனைவி யோகோவையே படம் எடுத்தவர். 1976ல் அவர்களுடைய மணவாழ்க்கை முறிந்தது. அதற்குப் பிறகு அவர் எடுத்தது காகங்களை. சொந்த ஊரான ஹொக்கைடோ பக்கம் போகும்போது தொடங்கி வருடக்கணக்காக எடுத்தார், 1986ல் அது புத்தகமாக வந்தது. மின்கம்பியில் காகம், பனியில் காகத்தின் கால்தடம், இரவு மரத்தில் ஃப்ளாஷ் பட்டு மின்னும் கண்கள். பிரிவு என்ன செய்யும் என்பது அந்த இருட்டில் அப்படியே இருக்கு.

நம்ம ஆட்களுக்குக் காகம் வேற மாதிரி. ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயிலில் அப்பாவுக்காகத் தீர்த்தமாடி, வீட்டுக்கு வந்து காகத்துக்குச் சோறு வைக்கிற ஊர் இது. ஃபுகாசேயைப் பார்த்து நாமும் காகத்தை எடுத்தால் படத்தில் தனிமை வராது, பிதிர்தான் வருவார். அதனால அவருடைய காகத்தைக் கடன் வாங்காதீங்க. உங்களுடைய துக்கம் எதில போய் ஒட்டியிருக்கு என்று தேடுங்க.

(காட்சி: பொழுது சாய்ந்த பின் வாவிக் கரை. டிரைபொட்டில் கமரா.)

இனி எனக்கு மிகவும் பிடித்த உத்தி, நீண்ட எக்ஸ்போஷர், அதாவது கமராவை நீண்ட நேரம் ஒளியை வாங்க விடுவது. ஷட்டரை 30 செக்கன் திறந்து வைத்தால் பாலத்தில் நடந்து போகிறவர்கள் படத்தில் விழவே மாட்டார்கள். ஓரிடத்தில் நிற்காததால் அவர்களுடைய ஒளி பதியப் போதாது. பாலம் நிற்கும், அலை பால் மாதிரிப் பரவும், ஆட்கள் காணாமல் போவார்கள். பகல் என்றால் என்.டி. பில்டர், அதாவது லென்ஸுக்கு முன்னால் போடுகிற இருண்ட கண்ணாடி வேணும். ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாகும், பத்து ஸ்டொப் பில்டர் வெளிச்சத்தை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். கருக்கல் நேரத்தில் அது இல்லாமலே சில செக்கன் கிடைக்கும். ஃபோனில் ஷட்டர் நேரத்தை நாமே வைக்கிற புரோ மோட் இருந்தால் அதிலும் முயலலாம், ஆனால் ஃபோன் அசையக் கூடாது.

இப்போது ஒருத்தரை நிற்க வையுங்க. 20 செக்கனில் முதல் பாதி அசையாமல் நிற்கட்டும், பிறகு விலகிப் போகட்டும். மீதி நேரம் பின்னால் இருக்கிற ஒளி அவர் மேல் ஏறும். ஆள் பாதி தெரிவார், அவரை ஊடுருவி வாவியும் தெரியும். பின்னணி இருட்டாக இருந்தால் உருவம் திடமாக நிற்கும். வெளிச்சமான தண்ணீர் இருந்தால் அது அவரை மெல்லத் தின்றுவிடும். எவ்வளவு நேரம் நிற்க விடுவது என்பதை நீங்கதான் முடிவெடுக்க வேணும். இருந்த ஆளை எவ்வளவு தூரம் போக விடுகிறீர்கள் என்பதைத்தான் அங்கே அளக்கிறீங்க.

காலமும் பாருங்க. கார்த்திகை, மார்கழி மழைக் காலத்தில் வானம் முழுக்க மூடி, நிழலே இல்லாத சாம்பல் ஒளி வரும். கமரா அதைத் தானாகவே வெளுக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டொப் குறைத்து அந்த இருளை அப்படியே வைத்திருங்க.

ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இது 2004 டிசம்பர் 26ஐக் கண்ட கரை. சுனாமி ஆட்களோடு அல்பங்களையும் கொண்டு போனது. சில வீடுகளில் போனவருடைய படம் ஒன்றுகூட மிச்சமில்லை. போர்க்காலத்தில் காணாமல் போன பிள்ளையின் படத்தைக் கையில் ஏந்தி வீதியில் நிற்கிற அம்மாமாரும் இங்கே இருக்கிறாங்க. அவங்களை உங்க கலைக்குப் பாத்திரம் ஆக்காதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்க, கேளுங்க, வேண்டாம் என்றால் கமராவைப் பைக்குள் வையுங்க. விட்டுப்போன காதலருக்கும் இதே நியாயம்தான். அவருடைய முகத்தை அவருடைய சம்மதம் இல்லாமல் போடாதீங்க. துக்கம் உங்களுடையது, முகம் அவருடையது. ஹெல்மட்டில் சிக்கிய முடியை எடுக்க யாரிடமும் கேட்கத் தேவையில்லை.