இலையின் மேல்பாதி

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கு வந்திருக்கும் இளையர்களே, அனைவர்க்கும் என் வணக்கம். வீட்டுச் சமையலைப் பற்றிப் பேச வேண்டும் என்று இந்தச் சமூக மன்றத்தினர் என்னை அழைத்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அதில் கடைசிப் பத்தாண்டுகள் சிறுநீரகம் செயலிழந்தோருக்கான ரத்தச் சுத்திகரிப்புப் பிரிவில் கழிந்தன. அந்தப் பிரிவில் பார்த்தவற்றையும், என் வீட்டு அடுப்படியில் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டவற்றையும் இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

வாழையிலையிலிருந்து தொடங்குகிறேன். கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் பரிமாறுகிறவர் எதை முதலில் வைக்கிறார்? உப்பு, ஊறுகாய், பச்சடி, கூட்டு, பொரியல், அவியல் என்று எல்லாம் இலையின் மேல்பாதியில் வரிசையாக அமர்ந்த பிறகுதான் கீழ்ப்பாதிக்குச் சோறு வருகிறது. நமது சிங்கப்பூரின் சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014ஆம் ஆண்டில் ‘என் ஆரோக்கியத் தட்டு’ என்ற படத்தை வெளியிட்டது. தட்டின் பாதி காய்கறிக்கும் பழத்துக்கும், கால்பங்கு முழுத்தானியத்துக்கும், மீதமுள்ள கால்பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு, டோஃபு முதலான புரத உணவுக்கும் என்று அதில் வரைந்திருந்தார்கள். அதை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு என் அம்மா போட்ட இலைதான் நினைவுக்கு வந்தது. மேல்பாதி காய்கறிக்கு உரியது என்ற ஏற்பாடு நம்மிடம் எப்போதோ இருந்திருக்கிறது. இன்று நம் வீட்டுத் தட்டுகளில் அந்த மேல்பாதி இரண்டு தேக்கரண்டி முட்டைக்கோஸாகச் சுருங்கி, கீழ்ப்பாதிச் சோறு மேலேறி வந்து தட்டு முழுவதையும் பிடித்துக்கொண்டுவிட்டது. நம் சமையலைக் கைவிட்டுவிட்டு ஓட்ஸுக்கும் சாலடுக்கும் மாறுங்கள் என்று சொல்ல நான் இங்கு வரவில்லை. சாம்பாரும் மீன்குழம்பும் கீரைக்கடைசலும் இருக்கட்டும். அவற்றின் விகிதத்தை இலையில் இருந்தபடி மீட்டெடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் அப்போதைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தார். அடுத்த ஆண்டுத் தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் முக்கியமாக எடுத்துக்கொண்ட மூன்று பொருள்களில் நீரிழிவும் ஒன்று. 60 வயதைக் கடந்த சிங்கப்பூரர்களில் பத்துப் பேரில் மூவருக்கு நீரிழிவு இருப்பதாகவும், அந்த வயது இந்தியர்களில் பத்துப் பேரில் அறுவருக்கு இருப்பதாகவும் அவர் அன்று எடுத்துச் சொன்னார். அந்த எண்ணைத் தொலைக்காட்சியில் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை பணிக்குச் சென்றபோது, நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டு உட்கார்ந்திருந்த முகங்களில் நம்மவர் முகங்களை எண்ணிப் பார்த்தேன். இந்நாட்டில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழந்து வருவோரில் பெரும்பாலோருக்கு நீரிழிவே காரணம்.

அவர்களில் பலர் என்னிடம் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: “நான் இனிப்பே தொடுவதில்லை, மிஸ்ஸி.” அவர்கள் பொய் சொல்லவில்லை. காப்பியில் சீனி போடமாட்டார்கள், தீபாவளிப் பலகாரத்தைக்கூடத் தள்ளி வைத்துவிடுவார்கள். ஆனால் மதியம் இரண்டு தட்டுச் சோறு, இரவு ஆறு தோசை அல்லது நான்கு பரோட்டா. ஒரு கிண்ணம் வெள்ளைச் சோறு, அதாவது ஏறத்தாழ 200 கிராம், தன்னுள் 55 கிராம் அளவுக்கு மாவுச்சத்தைக் கொண்டிருக்கிறது. அந்த மாவுச்சத்து குடலில் குளுக்கோசாக உடைந்துதான் ரத்தத்தில் கலக்கிறது. நாவுக்கு இனிக்காததால் அது சர்க்கரைக் கணக்கில் சேராது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தவிர, நம் உடல்வாகு வேறு. தெற்காசியர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வது எளிது. பார்வைக்கு ஒல்லியாக இருப்பவருக்கும் நீரிழிவு வரலாம். அதனால்தான் சிங்கப்பூரில், உயரத்துக்கேற்ற எடையா என்று காட்டும் உடல் எடைக் குறியீடு 23ஐத் தொட்டாலே கவனிக்கச் சொல்கிறார்கள். “எங்கள் வீட்டில் யாரும் குண்டு இல்லையே” என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

சரி, சோற்றை எப்படிக் குறைப்பது? இதில் நான் முதலில் தோற்றுப்போனேன். ஒருநாள் வெள்ளையரிசியை முற்றிலும் நிறுத்திவிட்டுப் பழுப்பரிசி வடித்தேன். என் கணவர் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். மாமனார் பாதியில் கை கழுவிவிட்டார். பிள்ளைகள் இரவு பத்து மணிக்கு உடனடி நூடல்ஸ் கிளறிக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் பழையபடி ஆயிற்று. ஓராண்டு கழித்து வேறு வழியில் முயன்றேன். ரைஸ் குக்கரோடு வரும் குவளையில் வழக்கமாக மூன்று குவளை போடுவேன். அதை இரண்டரை ஆக்கினேன், யாரும் கவனிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து இரண்டாக்கினேன். அந்த இரண்டில் அரைக் குவளை பழுப்பரிசியை முன்கூட்டியே ஊறவைத்துக் கலந்தேன். இப்போது பாதிக்குப் பாதியில் வந்து நிற்கிறது, மாமனாரும் கடைசிவரை அதையே சாப்பிட்டார். மற்றொன்றும் செய்தேன்: முதல் பரிமாறல் முடிந்ததும் குக்கரின் சூட்டை அணைத்து, மீதிச் சோற்றை எடுத்து மூடி உள்ளே வைத்துவிடுவேன். சூடாகக் கண்முன் ஆவி பறக்க இருந்தால்தான் இரண்டாம் முறை கை நீள்கிறது.

உண்ணும் வரிசையும் முக்கியம். காய்கறியையும் மீனையும் அல்லது பருப்பையும் முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் உண்டால் உணவுக்குப் பின் ரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நார்ச்சத்தும் புரதமும் முன்னே சென்று வயிறு காலியாகும் வேகத்தை மட்டுப்படுத்துகின்றன. என் வீட்டில் காய்கறிக் கிண்ணங்கள் முதலில் மேசைக்கு வரும், சோறு ஐந்து நிமிடம் தாமதமாக வரும். பசியோடு இருப்பவர் முன்னால் இருப்பதைத்தானே எடுப்பார்? கேழ்வரகு, சாமை, தினை நல்லவைதான் என்றாலும் இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். எந்தத் தானியத்தையும் நைய அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் அது விரைவாகவே குளுக்கோசாகிவிடும். சிறுதானியம் என்ற பெயரை நம்பி மூன்று தம்ளர் கூழ் குடித்துவிட்டுச் சர்க்கரை ஏன் ஏறியது என்று திகைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி மேல்பாதிக்கு வருகிறேன். நாளொன்றுக்கு ஒருவர் இரண்டு பங்கு காய்கறியும் இரண்டு பங்கு பழமும் உண்ண வேண்டும் என்பது வாரியத்தின் பரிந்துரை. சமைத்த காய்கறி ஏறத்தாழ 100 கிராம் என்றால் அது ஒரு பங்கு. நால்வர் உள்ள குடும்பத்துக்குக் கணக்குப் போடுங்கள்: சமைத்த பிறகு 800 கிராம் வேண்டும். கீரையோ வெந்தால் ஒரு பிடியாகச் சுருங்கிவிடும். தேக்கா சந்தையில் ஒரு கட்டு முளைக்கீரை வாங்கி நான்கு பேருக்குக் கடைந்து வைத்துவிட்டு ‘இன்று கீரை சாப்பிட்டோம்’ என்று மனநிறைவு கொள்கிறோமே, அதில் ஆளுக்குக் கிடைத்தது அரைப் பங்குகூட இருக்காது. உருளைக்கிழங்கு வறுவலைக் காய்கறியாகக் கணக்கிடாதீர்கள், அது சோற்றின் பக்கத்தைச் சேர்ந்தது. மரவள்ளிக்கும் அதே கணக்குதான். சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைக்காய்த் துண்டுகளையும் ஒரு கத்தரிக்காய்த் துண்டையும் வைத்து மேல்பாதி நிரம்பாது. சாம்பாரே பாதி காய்கறியாக இருக்கும்படி பூசணியும் முள்ளங்கியும் பீன்ஸும் அள்ளிப் போடுங்கள். சுவை கூடுமே தவிரக் குறையாது.

விலை உயர்ந்த காய்கறி தேவையில்லை. இங்கே கிடைக்கும் கங்கோங், சாய்சிம் என்ற கீரைகள் நம் தாளிப்புக்கு அழகாக இணங்கும். கடுகு, உளுந்து, காய்ந்த மிளகாய் தாளித்து, நறுக்கிய சாய்சிம்மை மூன்று நிமிடம் பெருந்தீயில் வதக்கி, ஒரு பிடி தேங்காய்ப்பூ தூவி இறக்கிப் பாருங்கள். ஊரிலிருந்து வந்த என் பெரியம்மா, இது என்ன கீரை என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். நீளப் பயற்றங்காய், பாகற்காய், வெண்டைக்காய் எல்லாம் பக்கத்து ஈரச்சந்தையிலேயே கிடைக்கின்றன. கிடைப்பதில் சிக்கல் இல்லை; நறுக்குவதில்தான் சிக்கல். மாலை ஏழு மணிக்கு ரயிலிலிருந்து இறங்கி வருகிறவருக்குப் பீன்ஸ் நறுக்கும் பொறுமை எங்கிருந்து வரும்? அந்த நேரத்தில் அப்பளமும் முட்டையும்தான் பொரியும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஒரு மணி நேரம் ஒதுக்கி மூன்று நாள் காய்கறியை நறுக்கிப் பெட்டிகளில் அடுக்கிவிடுங்கள். கீரையை மட்டும் கழுவாமல், பழைய துண்டில் சுற்றி வைத்தால் வாடாமல் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டு ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் உட்கார வேண்டும். நல்ல உணவுப் பழக்கத்தின் பாரம் முழுவதையும் ஒரு பெண்ணின் முதுகிலோ இல்லப் பணிப்பெண்ணின் முதுகிலோ ஏற்றிவிட்டால், அந்தப் பழக்கம் அவர் சோர்ந்துபோகும் நாள்வரைதான் நீடிக்கும்.

உப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் சர்க்கரைக்கு விழித்துக்கொண்ட அளவுக்கு நாம் உப்புக்கு விழிக்கவில்லை. 2022ஆம் ஆண்டுத் தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி சிங்கப்பூரர் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்கிறார். உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு 2,000 மில்லிகிராம். அதாவது ஐந்து கிராம் உப்பு, மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டி. நம் சாப்பாட்டின் அமைப்பைப் பாருங்கள்: சோற்றுக்குக் குழம்பு, அதன்பின் ரசம், அதன்பின் மோர், பக்கத்தில் பொரியல், ஊறுகாய், அப்பளம், கருவாடு. ஒவ்வொன்றிலும் தனித்தனியே உப்பு விழுகிறது. கூடவே சோயா சாஸ், சிப்பி சாஸ், சூப்புக் கட்டிகள் என்று அண்டை அயலாரிடம் கற்ற சுவைகளும் நம் அடுப்படிக்கு வந்துவிட்டன. ரத்த அழுத்தம் உயர்ந்து சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சிதைவதில் உப்புக்கு எவ்வளவு பங்கு என்பதை நான் பத்தாண்டுகள் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்று வளர்ந்தவர்கள் நாம். உப்பை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. கையால் அள்ளிப் போடுவதை விட்டு, கரண்டியால் அளந்து, அடுப்பை அணைக்கும் தறுவாயில் போடுங்கள். மேற்பரப்பில் நிற்கும் உப்பு நாவுக்கு எளிதாகப் படும், குறைந்த அளவே போதும். புளி, எலுமிச்சை, வறுத்து இடித்த மல்லி, மிளகு, இஞ்சி ஆகியவை உப்பின் குறையை மறைக்க வல்லவை, அவை அனைத்தும் நம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கின்றன. சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்; பிறகு பழைய அளவில் சமைத்தால் கரிக்கும். கடைகளில் கிடைக்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். பெரும்பாலோருக்கு அது நன்று, ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில ரத்த அழுத்த மருந்துகளை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

பானங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2022 டிசம்பர் 30 முதல் பொட்டலப் பானங்களிலும், அடுத்த ஆண்டு அதே நாள் முதல் கடைகளில் கலந்து தரும் பானங்களிலும், ‘ஏ’ முதல் ‘டி’ வரை தரம் குறிக்கும் நியூட்ரி-கிரேட் தரநிலை வந்துவிட்டது. 100 மில்லிலிட்டரில் பத்துக் கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அது ‘டி’ என்பதை அறிந்து வாங்குங்கள். காப்பிக்கடையில் தே தாரேக் கேட்கிறவர் முதல் மாதம் ‘சியூ டாய்’, அதாவது இனிப்புக் குறைவாக, என்று சொல்லட்டும், பிறகு சீனியே இல்லாத ‘கோசோங்’ வரை போகலாம். ஞாயிறு காலை குடும்பத்தோடு பரோட்டா உண்பதை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஞாயிறு உண்டது செவ்வாயும் வியாழனும் வந்து உட்காரும்போதுதான் கவலைப்படுகிறேன்.

என்னைப் பெரிதும் வருத்துவது இதுதான். ரத்தச் சுத்திகரிப்புக்கு வந்தவர்களுக்கு நாங்கள் கீரையைக்கூட அளந்துதான் அனுமதிக்க நேர்ந்தது. கெட்டுப்போன சிறுநீரகத்தால் அதிலுள்ள பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. ஒரு முதியவர் முருங்கைக்கீரைப் பொரியலைப் பற்றி என்னிடம் வாரம் தவறாமல் பேசுவார். அவர் உண்ணலாம் என்று இருந்த காலத்தில் அது அவர் இலையில் ஓரமாகக் கிடந்தது. வேண்டும் என்று அவர் கேட்ட காலத்தில் என்னால் தர முடியவில்லை.

அரங்கின் பின்மேசையில் மூன்று பொருள்களை வைத்திருக்கிறேன்: ஒரு நாள் உப்பு நிரம்பிய தேக்கரண்டி, 100 கிராம் கீரைப் பொரியல் இட்ட கிண்ணம், 200 கிராம் சோறு இட்ட கிண்ணம். உங்கள் வீட்டுக் கரண்டியையும் கிண்ணத்தையும் மனத்தில் வைத்து அவற்றைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்குள் நான் தண்ணீர் குடித்துவிடுகிறேன். பிறகு உங்கள் கேள்விகளுக்கு உட்காருவோம்.