ராஜா இல்லாத சரித்திர நாவல்கள்: காதல், குடும்பம், ஆறும் காயம்

[திரையில்: புல்வெளி நடுவே தனியாக ஒரு மர வீடு]

வணக்கம். சரித்திர நாவல் என்றதும் நம்மில் பலருக்கு வாளும் குதிரையும் அரண்மனைச் சதியும்தான் ஞாபகம் வரும். இந்த வீடியோவில் ராஜாக்களுக்கு வேலை இல்லை. போரிலிருந்து திரும்பியவன், கைக்குழந்தையோடு தனித்து நிற்கும் விதவை, ஊர் விட்டு ஊர் அனுப்பப்பட்ட அநாதைப் பிள்ளை, இவர்களுடைய கதைகளைப் பற்றித்தான் பேசப்போகிறோம். ஆங்கிலப் பதிப்புலகில் இதை ‘இன்ஸ்பிரேஷனல்’ என்று தனி வகையாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த லேபிள் ஒட்டிய புத்தகங்களில் பெரும்பாலும் கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளோட்டமாக இருக்கும். கிறிஸ்தவப் புனைவுகளுக்கென்று கிறிஸ்டி விருது 2000 முதல் வழங்கப்படுகிறது. ஜெபம் வரும், மன்னிப்பு வரும். காதல் காட்சிகள் படுக்கையறைக் கதவுக்கு வெளியிலேயே முடிந்துவிடும். நம்பிக்கை இல்லாதவர்கள் ரசிக்க முடியுமா? தாராளமாக. ஆனால் கஷ்டத்தில் இருக்கும் ஒரு பாத்திரம் தேடிப்போகும் கடவுள் வேறு, ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டு நமக்கு நடத்தும் பிரசங்கம் வேறு. பிரசங்கம் ஆரம்பித்தால் நான் பக்கங்களைத் தள்ளிவிடுவேன்.

சரி, இதில் எதை ரசிப்பது? என்னைக் கேட்டால், அந்தக் காலத்தின் சட்டமும் தூரமும் மனசுக்குக் குறுக்கே வந்து நிற்கும் இடங்களை.

[திரையில்: அமெரிக்க வரைபடம், 1862]

முன்பின் தெரியாத இருவர் அவசரத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு, பிறகு மெல்ல மெல்லக் காதலிப்பார்கள். இந்த வகையில் திரும்பத் திரும்ப வரும் கதை இது. “இதெல்லாம் நடக்கிற காரியமா?” என்று தோன்றும். 1862இல் அமெரிக்காவில் வந்த ஹோம்ஸ்டெட் சட்டத்தைப் பாருங்கள். 160 ஏக்கர் அரசு நிலம். ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் அது உங்களுக்குச் சொந்தம். அக்கம்பக்கத்து வீடு மைல்கணக்கில் தள்ளி இருக்கலாம். பனிக்காலத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கூப்பிட்ட குரலுக்கு ஆள் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில், மனைவியைப் பறிகொடுத்தவனுக்கும் போக்கிடம் இல்லாதவளுக்கும் காதல் வருகிற வரை காத்திருக்க நேரம் ஏது?

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. மணமாகாத பெண்ணும் விதவையும் தன் பெயரிலேயே நிலம் கேட்க அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. கணவனோடு வாழும் மனைவிக்குப் பொதுவாக அந்த உரிமை இல்லை. “என்னைக் கட்டிக்கொள்கிறாயா?” என்று ஒருவன் கேட்கும்போது அவள் தயங்குகிறாள் என்றால், மனசோடு சேர்த்து நிலத்தையும் எடைபோடுகிறாள். இது தெரிந்து படித்தால் அந்தத் தயக்கத்துக்கு வேறு கனம் வந்துவிடும்.

[திரையில்: ரயில் நிலைய நடைமேடையில் வரிசையாக நிற்கும் பிள்ளைகள்]

குடும்பம் என்று வரும்போது அநாதை ரயில்களை விட முடியாது. 1854 முதல் 1929 வரை, நியூயார்க் போன்ற கிழக்கு நகரங்களிலிருந்து ஏறத்தாழ 2 லட்சம் பிள்ளைகள் ரயிலில் நாட்டின் உட்பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள். இறங்கிய ஊரில் வரிசையில் நிறுத்துவார்கள். வந்தவர்கள் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். அண்ணன் ஒரு வீடு, தங்கை ஒரு வீடு. சிலருக்குத் தாய் தகப்பன் கிடைத்தார்கள், சிலர் கூலியில்லாத வேலையாள் ஆனார்கள். இந்த இரண்டாவது பாதியை மறைக்காத நாவல்தான் என் கணக்கில் நல்ல நாவல்.

அப்புறம், காயம் ஆறுவது. பெரும்பாலான கதைகள் சறுக்குவது இங்கேதான். முதல் உலகப் போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பிரிட்டிஷ், காமன்வெல்த் சிப்பாய்களுக்கு மன்னிப்பு கிடைத்ததே 2006இல்தான். அவர்களில் பலர் போரால் மனம் நொறுங்கியவர்கள் என்று இன்று கருதப்படுகிறது. அப்படியிருக்க, 1919இல் வீடு திரும்பிய ஒருவன் “எனக்குத் தூக்கம் வரவில்லை” என்று வாய்விட்டுச் சொல்வானா? ஒரே முத்தத்தில் அவன் குணமாகிவிட்டால் புத்தகத்தை மூடிவிடலாம்.

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். காலைச் சாப்பாட்டு மேஜை. கோப்பையை எடுக்கும்போது அவன் கை நடுங்கி, காபி மேஜை விரிப்பில் சிந்துகிறது. அவள் எதுவும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அவனுக்குப் பாதிக் கோப்பைதான் ஊற்றுகிறாள். தீர்ந்ததும் மறுபடி பாதி. அவன் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. பல அத்தியாயம் கழித்து, கெட்டிலை அவனே எடுத்து, தன் கோப்பையை விளிம்பு வரை நிரப்புகிறான். காதல், குடும்பம், குணமாவது மூன்றும் இதிலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களைத் தாண்டி ஓடாமல் நின்று படியுங்கள். கதை வேகமாக நகரவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு இந்த வகை ஒத்துவராது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

[திரையில்: நாவலின் கடைசிப் பக்கங்கள்]

ஆரம்பிப்பதற்கு, உங்களுக்கு ஏற்கெனவே ஆர்வம் உள்ள ஒரு காலகட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: புதுக் குடியேற்றமோ, உலகப் போரோ, 1918இன் இன்ஃப்ளூயன்சாவோ. இப்படிப்பட்ட நாவல்கள் பலவற்றில் கடைசியில் ஆசிரியர் குறிப்பு ஒன்று இருக்கும். எது நிஜம், எது கற்பனை, எந்தத் தேதியைக் கதைக்காக நகர்த்தினார்கள் என்று அதில் சொல்லியிருப்பார்கள். கட்டாயம் படியுங்கள். ஆனால் கதையை முடித்த பிறகு. முன்கூட்டியே புரட்டினால், யார் பிழைக்கிறார்கள் என்பதை அதிலேயே போட்டு உடைத்திருப்பார்கள்.