லேபர் வார்டுல தம்புரா: பிரசவ நேரத்துக்கு என்ன இசை வைக்கலாம்?

வணக்கம்ங்க. திருக்கருகாவூர்ல, வெட்டாத்தங்கரையிலேர்ந்து பேசறேன். பின்னாடி தெரியறது கர்ப்பரட்சாம்பிகை கோயில் கோபுரம். வலி எடுக்கும்போது வயித்துல தடவிக்கறதுக்கு விளக்கெண்ணெய் பிரசாதம் வாங்கிட்டுப் போறாங்க பாருங்க. அதே வலி நேரத்துல காதுக்கு என்ன கொடுக்கலாம்? அதைத்தான் இன்னிக்குப் பேசப்போறேன். "பிரசவத்துக்கு எந்தப் பாட்டு நல்லதுக்கா"ன்னு நிறைய பேர் கேக்கறீங்க. பாட்டே வேண்டாம்னு சொல்லுவேன். போன்ல தம்புரா வைங்க, வெறும் தம்புரா.

ஏன்னு கேளுங்க. வலி நல்லா பிடிச்சதுக்கப்பறம் ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவ வரும், வந்தா ஒரு நிமிஷம் போல நிக்கும். பாட்டுக்குன்னு ஒரு போக்கு இருக்கு. பல்லவி, சரணம்னு ஏறும், இறங்கும், முடியும். வலி உச்சத்துல இருக்கும்போது ஒரு பாட்டு முடிஞ்சு இன்னொண்ணு துள்ளலா ஆரம்பிச்சா, கேக்கற பொண்ணுக்கு எரிச்சல்தான் வரும். அதுவும் ரொம்பப் பிடிச்ச பாட்டா இருந்தா, அப்பறம் எப்ப அதைக் கேட்டாலும் அந்த வலி ஞாபகம் ஒட்டிக்குமேங்கற கவலையும் எனக்கு உண்டு.

தம்புராவுக்கு ஆரம்பம் முடிவு கிடையாது. தாளமும் கிடையாது. நாலு தந்தி: பஞ்சமம் (ப), ரெண்டு மேல் சட்ஜம் (ஸ), ஒரு மந்தர சட்ஜம், அதாவது கீழ் ஸ. தந்தியைத் தாங்கற சின்னப் பாலம் மாதிரி ஒண்ணு இருக்கும், குதிரைன்னு பேரு. அது மேல தந்திக்கு அடியில ஒரு நூல் வைப்பாங்க, ஜீவாளின்னு பேரு. அந்த ரீங்காரம் அதுலேர்ந்து வர்றதுதான். எந்த நிமிஷத்துல வலி வந்தாலும் சுருதி அதே இடத்துல இருக்கும். 1978-ல பிரையன் ஈனோன்னு இங்கிலாந்து இசைக்காரர் ஒரு வகை இசைக்கு 'ஆம்பியன்ட்'னு பேர் வச்சார். காது கொடுத்துக் கேட்டாலும் நல்லா இருக்கணும், கேக்காம விட்டாலும் உறுத்தக் கூடாதுங்கறது அவர் எண்ணம். நம்ம தஞ்சாவூர்ல பலாமரத்தைக் குடைஞ்சு செய்யற தம்புரா அந்த வேலைக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு.

எந்தக் கட்டை வைக்கறதுன்னு அடுத்து கேப்பீங்க. கட்டைன்னா சுருதி எவ்வளவு உயரம்ங்கற கணக்கு, எண் கூடக் கூட சுருதி ஏறும். பாட்டு கத்துக்கிட்ட பொண்ணுங்க நாலரை, அஞ்சு கட்டைன்னு பழகியிருப்பீங்க. பிரசவத்துக்கு அது வேண்டாம். ஒண்ணு, ரெண்டு கட்டைக்கு இறக்கிடுங்க. வலி வரும்போது கீச்சுன்னு கத்தினா தாடை, தோள், தொடை எல்லாம் இறுகிப்போகும். வாயைத் தளர விட்டு, அடிவயித்துலேர்ந்து "ஆ..."ன்னு தணிவா முனகினா உடம்பு இளகும், மூச்சும் நீளமா வெளிய போகும். அனுபவமுள்ள நர்சம்மாங்க இதைத்தான் சொல்லிக்கொடுப்பாங்க. கீழ் சுருதி காதுல இருந்தா அந்த முனகல் தன்னால அதோட போய்ச் சேர்ந்துக்கும். பாடத் தெரியணும்னு அவசியமே இல்ல.

வலி குறைய ஒரு வழியா இசையை உலக சுகாதார நிறுவனம் 2018-ல வெளியிட்ட பிரசவப் பரிந்துரைகள்லயே சேர்த்திருக்கு. தசையைத் தளர்த்தற பயிற்சி, மூச்சுப் பயிற்சி, இசை, எல்லாம் ஒரே வரிசையில வருது. தலைப்பிரசவத்துல கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறந்ததுக்கப்பறமே 12 மணி நேரம் வரைக்கும் போகலாம்னும் அதுல இருக்கு. அவ்வளவு நேரத்துக்கு எத்தனை பாட்டை அடுக்குவீங்க?

தண்ணி சத்தம் சேர்க்கலாமான்னா, சேர்க்கலாம். கல்லணை மதகு மாதிரி இரைச்சல் வேண்டாம், வயலுக்குப் பாயற வாய்க்கால் சத்தம் போதும். தண்ணி சத்தம் கேட்டா சில பேருக்கு ஒண்ணுக்கு வரும். வந்தா நல்லதுதான், போயிட்டு வாங்க. மூத்திரப்பை நிரம்பியிருந்தா குழந்தைத் தலை இறங்கறதுக்கு இடைஞ்சல்.

வயித்து மேல ஹெட்போனை வச்சு சத்தமா போடறாங்களே, அதை மட்டும் செய்யாதீங்க. உள்ள இருக்கற குழந்தைக்கு ஏற்கெனவே அம்மாவோட ரத்த ஓட்டம், குடல் சத்தம் எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருக்கு. அம்மா குரல் உடம்பு வழியாவே போய்ச் சேருது. வளைகாப்பு அன்னிக்குக் கண்ணாடி வளையல் குலுங்கற அளவு சத்தம் அதுக்குத் தாராளம்.

இப்ப முக்கியமான விஷயம். போனை யார் வச்சுக்கறது? திருச்சி மலைக்கோட்டை தாயுமானவர் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். காவேரியில வெள்ளம், அம்மா அந்தக் கரையில மாட்டிக்கிட்டாங்க, பொண்ணுக்கு இங்க வலி எடுத்துடுச்சு. சிவனே அம்மா உருவத்துல வந்து கூட இருந்து பிரசவம் பார்த்தாராம். கூட ஒரு ஆள் இருக்கறது அவ்வளவு பெரிய விஷயம்ங்க! நம்ம அரசு ஆஸ்பத்திரிகள்ல பிரசவத் துணைன்னு ஒருத்தரை உள்ள விடற ஏற்பாடு இருக்கு. அம்மாவோ மாமியாரோ அக்காவோ, யார் போறாங்கன்னு முன்னாடியே பேசி வைங்க. சத்தத்தைக் கூட்டறது, குறைக்கறது, நிறுத்தறது எல்லாம் அவங்க கையில. படுத்திருக்கற பொண்ணு "நிறுத்து"ன்னா அந்த நொடியே நிறுத்தணும். "நல்லதுக்குத்தானே வச்சேன்"னு வாதாடக் கூடாது.

ரெண்டு காதையும் அடைக்காதீங்க. ஒரு காதுல மட்டும் இயர்போன், இல்லேன்னா தலைமாட்டுல மெதுவா ஸ்பீக்கர். பக்கத்துக் கட்டில்ல இன்னொரு அம்மா இருந்தா ஸ்பீக்கரே வேண்டாம். நர்ஸ் "முக்கும்மா"ன்னு சொல்றது காதுல விழணும். டாக்டர் நிறுத்தச் சொன்னா நிறுத்திடணும்.

இன்னொண்ணு, இது மருந்து இல்லைங்க. பனிக்குடம் உடைஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைஞ்சாலோ தம்புரா போட்டுக்கிட்டு வீட்டுல படுத்திருக்காதீங்க. 108-க்குப் போன் பண்ணிக் கிளம்புங்க. வலி தாங்கலேன்னா முதுகுல ஊசி போட வசதி இருக்கான்னு தயங்காம கேளுங்க. சிசேரியன்னு முடிவாச்சுன்னாலும் தியேட்டர்ல சுருதி வைக்க விடுவாங்களான்னு கேட்டுப் பாருங்க.

எட்டாம் மாசத்துலேர்ந்தே பழகிக்கணும். ராத்திரி படுக்கும்போது அதே சுருதியை வச்சு, மூச்சை நீளமா விட்டுப் பழகுங்க. பழகின சுருதிதான் புது இடத்துல, வெள்ளை விளக்குக்கு அடியில, பயத்தைக் கொஞ்சம் இறக்கும். பயம் ஏறினா உடம்பு இறுகும், இறுகினா வலியும் கூடும்.

ஒரு கட்டை, ரெண்டு கட்டை ரெண்டுக்கும் தம்புரா வாசிச்சுக் கீழ லிங்க் போட்டிருக்கேன். நெட்ல ஓட விடாதீங்க, நடுவுல விளம்பரம் வந்து தொலைக்கும். டவுன்லோடு பண்ணி, ஏரோபிளேன் மோடுல போட்டு, சார்ஜரையும் பையில வச்சிடுங்க. உங்களுக்கு எந்தக் கட்டை ஒத்துவருதுன்னு கமென்ட்ல சொல்லுங்க. வேற கட்டை வேணும்னா வாசிச்சுப் போடறேன்.